கூரையில்லாத பெட்டி

பெருநாளைக்குச் சாரன் வாங்கக் கடைக்குப் போகிறோம். 2,000 ரூபா வரை கொடுக்கலாமென்பது மனக்கணக்கு. 1,500க்கே கிடைத்துவிடுகிறது. "ஐந்நூறு மிச்சம்" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். பொருளியலார் 'நுகர்வோர் மிகை' என்பது இந்த ஐந்நூறைத்தான்.

இதை முதலில் கணக்கிட முனைந்தவர்களில் ஒருவர் ஜூல் டுப்பூயி. பிரான்சில் பாலங்களும் வீதிகளும் அமைத்த பொறியியலாளர். பாலத்தின் பயனை வசூலாகும் சுங்கத்தால் மட்டும் அளக்க முடியாது, அதற்கு மேலும் கொடுக்க ஆயத்தமானவர்களின் மிச்சமும் பயன்தான் என்று 1844இல் எழுதினார்.

அந்த மிச்சத்தில் விற்பவருக்கும் கண் உண்டு. "என்ன விலைக்குள்ள பாக்கிறீங்க நானா?" என்று கடைக்காரர் கேட்பது சும்மா அல்ல. நமது உச்ச விலை தெரிந்துவிட்டால் ஐந்நூறும் அவர் பக்கம் போய்விடும்.

எல்லோரிடமும் இப்படிக் கேட்க இயலாது. அதனால் வாங்குவோரைக் கூட்டமாகப் பிரிக்கிறார்கள். பிரிக்க உதவுவது கேள்வி நெகிழ்ச்சி. விலை 10 வீதம் கூடும்போது வாங்கும் அளவு 20 வீதம் குறைந்தால் நெகிழ்ச்சி 2; 2 வீதம் மட்டும் குறைந்தால் 0.2. விட்டுப்போகக் கூடியவருக்கு விலையைக் குறைப்பார்கள், விடமுடியாதவருக்குக் கூட்டுவார்கள். இதுவே விலைப் பேதங்காட்டல். விடமுடியாதவர் எப்போதும் பணக்காரர் என்றில்லை. மருந்து தேடி வருபவரும் அவர்தான்.

யார் எந்தக் கூட்டம் என்று தெரியாவிட்டால்? வாங்குபவர் தாமாகவே பிரிந்துகொள்ளும்படி செய்வார்கள். அக்காலத்து ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சிலவற்றுக்குக் கூரையில்லை. கூரை போடப் பெரிய செலவுமில்லை. டுப்பூயி 1849இல் காரணத்தை விளக்கினார்: ஏழையை வருத்துவது கம்பெனியின் நோக்கமல்ல, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் பயமுறுத்துவதே நோக்கம். நனைந்தவனோ ஏழைதான்.

அப்படியானால் விலைப் பேதம் முழுவதும் அநியாயமா? அதுவுமில்லை. பாலத்துக்குச் சுங்கம் ஐந்து காசு என்று வைத்தால் கூலித் தொழிலாளி இக்கரையிலேயே நின்றுவிடுவான். அவனுக்கு மட்டும் ஒரு காசென்றால் அவனும் கடப்பான், பாலத்துக்கும் ஒரு காசு கூடுதல். அவன் நடப்பதால் பாலத்துக்குச் செலவு ஏதுமில்லை.

ஆகவே, ஒரே பொருளுக்கு இரண்டு விலையைக் கண்டதும் கோபப்படவேண்டியதில்லை. மலிவு விலை புதிதாக ஒருவரை உள்ளே கொண்டுவந்ததா, அல்லது மற்றவரைப் பயமுறுத்த அவருடைய கூரை கழற்றப்பட்டதா என்று பார்த்தால் போதும்.