துண்டு சேர்த்துக் கடையும் கிண்ணம்

மரக் கிண்ணத்தை ஒரே கட்டையில் குடைந்தும் எடுக்கலாம், துண்டு துண்டாகச் சேர்த்தும் கடையலாம். இரண்டாவது முறையில் சிறு மரத்துண்டுகளை ஒட்டி வளையமாக்கி, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த அடுக்கைக் கடைசல் இயந்திரத்தில் சுழலவிட்டு உளியால் வடிவமைக்கிறார்கள். வட்டக் கிணற்றுக்குச் செங்கல் சுவர் எழுப்புவது போன்ற வேலை இது. கீழ்வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே மேல்வரிசையின் இணைப்பு வரக்கூடாது என்ற கொத்தனாரின் விதி இங்கும் பொருந்தும்.

இதற்குப் பெரிய கட்டை வேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்த மரம்தான் வேண்டும். காரைக்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு நிலை, சட்டம், உத்தரத் துண்டுகள் விறகாகப் போவது பெரிய இழப்பு. பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த அந்த மரம், புதிதாக அறுத்த பலகையைப் போல முறுக்கிக்கொள்ளாது. டெல்டாவின் கடைசல் மரபும் இதை அறிந்ததுதான். ஆடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்கள் பழைய வீடுகளிலிருந்து வரும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். அந்த நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும் என்பதால், ரம்பம் வைக்கும் முன் காந்தத்தால் தடவிப் பார்ப்பது கட்டாயம்.

முதல் கிண்ணத்துக்கு 20 செ.மீ. விட்டமும் வளையத்துக்குப் 12 துண்டும் போதும். வட்டத்தின் 360 பாகையை 12 துண்டுகளின் 24 முனைகள் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொரு முனையையும் 15 பாகை சாய்வாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் வெளிப்பக்கமும் சுமார் 5.4 செ.மீ. இருக்கும். 3 செ.மீ. அகலச் சட்டத்தை ஒவ்வோர் அறுப்புக்கும் புரட்டிப் போட்டு அறுத்தால், 65 செ.மீ. நீளத்துக்குள் ஒரு வளையம் முடிந்துவிடும். கைவினையின் கடினமான இடமும் இதுவே. முனைக்குக் கால் பாகை பிசகினால் 24 முனைகளில் அது 6 பாகையாகச் சேர்ந்து, கடைசி இணைப்பில் வாய் பிளந்து நிற்கும். அனுபவசாலிகளும் அதனால் முழு வளையத்தை ஒரே மூச்சில் ஒட்டுவதில்லை. ஆறு ஆறாக ஒட்டி இரண்டு அரைவட்டம் ஆக்கி, அவற்றின் முனைகளைச் சமதளப் பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்து நேராக்கிய பிறகே இணைக்கிறார்கள். சேர்ந்திருந்த பிசகெல்லாம் அந்தத் தேய்ப்பில் போய்விடும்.

ஒட்டுவதற்குத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். வளையத்தை இறுக்க, குழாய்களுக்குப் போடும் திருகு கிளிப் நன்கு உதவும். பசை ஓர் இரவு காய்ந்தபின் வளையத்தின் இருபக்கமும் மட்டமாகத் தேய்த்து, அரைத்துண்டு தள்ளி அடுத்த வளையத்தை வைத்து ஒட்ட வேண்டும்.

வளைய அடுக்கின் அடியை மூடும் பலகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது இழையின் குறுக்கே உப்பும். இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. வளையத்தில் இழை சுற்றளவோடு ஓடுவதால் அதன் சுற்றளவு நிலையாக இருக்கிறது. ஒரே பலகையில் வெட்டிய வட்ட அடியோ ஒரு திசையில் மட்டும் உப்பி, வளையத்தை உள்ளிருந்து தள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் அதன்பின் வரும் வெயிலும் மாறிமாறித் தாக்கும் காரைக்கால் போன்ற கடலோரத்தில், அகன்ற அடிப்பலகை ஓரிரு ஆண்டுகளில் இணைப்பில் விரிசல் உண்டாக்கக்கூடும். அடியைச் சிறியதாகவும் மெல்லியதாகவும் வைப்பதே தொடக்கக்காரருக்கு எளிய காப்பு.

கடைவது ஒப்பீட்டளவில் இன்பமான கட்டம். ஒரே கட்டைக் கிண்ணத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உளி இழைமுனையில் மோதும். துண்டு வளையத்தில் அந்த மோதல் இல்லாததால் சீவல் சீராக வரும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று அளவு போதும். இணைப்பு விட்டுத் துண்டு பறக்க வாய்ப்புண்டு. முகம் முழுவதையும் மறைக்கும் கவசம் அணிந்து, சுழலும் மரத்துக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். தோளில் தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக் கையும் கூடாது. தேக்குத் தூள் சிலருக்கு மூச்சையும் தோலையும் உறுத்தும் என்பதால் மூக்குக் கவசமும் தேவை.

கடைந்து, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெயோ மெழுகோ பூசியதும் ஒவ்வொரு துண்டின் நிறமும் தனித்துத் தெரியும். வெள்ளைப் பசை வெப்பத்தில் இளகுவதால், இக்கிண்ணத்தில் கொதிக்கும் குழம்பு ஊற்றக் கூடாது, நீரில் ஊறவிடவும் கூடாது. பழமும் கடலையும் வைக்கலாம்.