லாயத்தில் பிறந்த மருந்து

தந்தையின் தொழிலை மகன் தொடர வேண்டுமா, விட்டு விலக வேண்டுமா? பிறந்த ஊரை விட்டு வந்து குடியேறிய நம் இல்லங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. இதற்கு விடை தேடும் அன்பர்கள் புனே நகரத்துக் குதிரைப் பண்ணை ஒன்றின் வரலாற்றை அறிதல் நலம்.

பூனாவாலா என்பது ஒரு பார்சிக் குடும்பத்தின் பெயர். ‘பூனாக்காரர்’ என்பதே அதன் பொருள். பாரசீகத்திலிருந்து குஜராத் கரைக்கு வந்து சேர்ந்த மக்களின் வழிவந்தோர் இவர்கள். இக்குடும்பத்தைச் சேர்ந்த சோலி பூனாவாலா 1946-ல் பந்தயக் குதிரைப் பண்ணை ஒன்றை நிறுவினார்.

குதிரை வளர்ப்பு பொறுமையைச் சோதிக்கும் தொழில். பெட்டைக் குதிரை சுமார் 11 மாதம் கருவைச் சுமக்கும். பெரும்பாலும் ஈனுவது ஒரே குட்டி. பிறந்த ஓரிரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நின்றுவிடும். ஆயினும் பந்தயத்தில் ஓட அதற்கு 2 வயதேனும் ஆக வேண்டும். ஓடினாலும் வெல்லும் என்ற உறுதியில்லை. ஓட்டம் தளர்ந்த குதிரையோ, தின்னும் கொள்ளுக்கும் புல்லுக்கும் ஈடாக ஒன்றும் ஈட்டித் தராது.

அத்தகைய குதிரைகள் பண்ணையிலிருந்து பம்பாய் ஹாஃப்கின் நிலையத்திற்குச் சென்றன. கிருமியின் நஞ்சை வீரியம் குறைத்துச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடலில் செலுத்தினால், அதன் இரத்தத்தில் மாற்றுப்பொருள் ஊறும். குதிரையைக் கொல்லாமல் சிறிது இரத்தம் எடுத்து, தெளிந்த சீரத்தைப் பிரித்தால் அதுவே மருந்து. 1890-ல் பேரிங், கிடசாடோ என்னும் அறிஞர்கள் கண்ட வழி இது. ரண ஜன்னிக் கிருமி குதிரையின் குடலிலும் லத்தியிலும் வாழ்வது. அந்நோய்க்கு மருந்து தந்ததும் குதிரையே!

சோலியின் மகன் சைரஸ், சுதந்திர இந்தியாவில் பந்தயத்திற்கு வருங்காலமில்லை என்று கருதினார். ஆனால், லாயத்தை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. நம் குதிரையிலிருந்து பிறர் எடுக்கும் மருந்தை நாமே எடுத்தால் என்ன என்று எண்ணினார். 1966-ல் சீரம் நிலையம் பிறந்தது. ரண ஜன்னிக்கான சீரம் அதன் முதல் மருந்துகளுள் ஒன்று. பின்னர் தடுப்பூசிகள் வந்தன. 2011-ல் அவர் மகன் அதார் தலைமைப் பொறுப்பேற்றார். 2021 ஜனவரி 16-ல் நாடெங்கும் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியபோது நம்மில் பலர் கையில் ஏறிய கோவிஷீல்டு அங்கே தயாரானதுதான்.

பாம்புக்கடி மருந்து இன்றும் குதிரை இரத்தத்திலிருந்தே கிடைக்கிறது. அதற்கான நஞ்சைப் பாம்பிலிருந்து எடுத்துத் தருவோருள் நம் மாமல்லபுரம் பக்கத்து இருளர்கள் முக்கியமானவர்கள். பாம்பு பிடிக்கும் குலத்தொழிலைக் கொண்டே 1978-ல் கூட்டுறவுச் சங்கம் கண்டவர்கள் அவர்கள்.

பூனாவாலாக்களுக்கு நிலமும் செல்வமும் இருந்தன. இருளர்க்கு அவை இல்லை. இரு சாராரும் முன்னோர் தொழிலைத் தூக்கி எறியாமல், அதற்குள் கிடந்த புதுப்பயனைக் கண்டனர். நம் தந்தையர் செய்த தொழிலில் நாம் காணாமல் விட்டது எதுவோ? ஒரு மாலைப்பொழுது அவர்களோடு அமர்ந்து கேட்போமாக.