மண்ணுக்குப் போகும் துணியும் காகிதமும்: கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள கார்லைல் நகரக் கல்லறைத் தோட்டத்தில் 1993-ல் ஒரு புதிய அடக்க முறை தொடங்கியது. அதன் பொறுப்பாளர் கென் வெஸ்ட், கல்லறைக் கற்களுக்குப் பதிலாக மரங்கள் வளரும்படி ஒரு பகுதியை ஒதுக்கினார். இன்று பிரிட்டனில் இத்தகைய இயற்கை அடக்க இடங்கள் 200-க்கும் மேல் உள்ளன. ஃபார்மால்டிஹைடு ஏற்றிப் பதப்படுத்திய உடலை இவற்றில் பெரும்பாலானவை ஏற்பதில்லை. பெட்டியும் துணியும் மட்கிப் போகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதும் பொதுவான விதி.

அதனால் செடிகளின் சாயம் ஏற்றிய கோடித்துணிக்கும், தாவர நாரால் செய்த அஸ்திக் கலசங்களுக்கும் தேவை உருவாகியிருக்கிறது. ஆனால், ‘இயற்கை’ என்ற சொல்லை மட்டும் நம்பி இவற்றை வாங்கிவிடக் கூடாது.

சாயத்தை எது பிடித்துவைக்கிறது?

ஐரோப்பியச் சாயக்காரர்கள் சிவப்புக்கு மேடர் வேரையும், மஞ்சளுக்கு வெல்டு செடியையும், நீலத்துக்கு வோடு இலையையும் பயன்படுத்தினார்கள். மேடரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின், சோழமண்டலக் கரைத் துணிகளைச் சிவப்பாக்கிய நம் சாயவேரிலும் உண்டு.

இவற்றில் நீலம் மட்டும் தானாகவே நூலில் தங்கும். மற்ற இரண்டும் நிலைக்க ஓர் உலோக உப்பு வேண்டும். அதைத்தான் நிறமூன்றி என்கிறோம். படிகாரம் இதற்கு நல்ல தேர்வு. அதிலுள்ள அலுமினியம் மண்ணில் ஏற்கெனவே ஏராளமாக இருப்பதுதான். கம்பளி படிகாரத்தை எளிதில் ஏற்கும். பருத்தியை முதலில் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளில் நனைக்க வேண்டும். நிறத்தைக் கருக்க அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சிறிதளவு சேர்ப்பார்கள்.

ஆனால் மயில்துத்தமும் பொட்டாசியம் டைக்ரோமேட்டும்கூட நிறமூன்றிகளே. முதலாவதில் இருக்கும் செம்பு, அளவு கூடினால் மண்ணின் நுண்ணுயிர்களையும் நீர்வாழ் உயிர்களையும் பாதிக்கும். இரண்டாவதில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம். செடியின் சாயத்தையே பயன்படுத்தினாலும், தவறான உப்பைச் சேர்த்தால் அந்தத் துணி மண்ணுக்கு நல்லதல்ல.

காகிதம் எப்படி உருவாகிறது?

கலசங்களுக்கான நார்க் காகிதம் எப்படி உருவாகிறது என்பதற்கு ஜப்பானின் வாஷி காகிதம் நல்ல எடுத்துக்காட்டு. கோசோ என்னும் காகித மல்பெரியின் உள்பட்டையை உரித்து, மரச்சாம்பல் நீரிலோ சலவைச் சோடா கரைசலிலோ வேகவைப்பார்கள். நாரைப் பிணைத்திருக்கும் பொருள்கள் கரைந்துவிடும். அலசி, அடித்து, கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி உலர்த்துவார்கள். பசை தேவையில்லை, நீண்ட நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதே பிடிமானம். இந்தக் கைவினையை 2014-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இத்தகைய கூழை அச்சில் வார்த்துக் கலசமும் செய்யலாம். நனைந்தாலும் உடையாதிருக்கச் செயற்கைப் பிசினோ, உள்ளே பிளாஸ்டிக் பூச்சோ சேர்த்தால் மட்குவது தடைப்படும். இன்னொன்றும் உண்டு: அஸ்தி காரத்தன்மையும் உப்பும் மிகுந்தது. கலசம் மட்கினாலும் ஒரே குவியலாகக் கிடக்கும் அஸ்தி செடியின் வேரைக் கருக்கலாம். அதை மண்ணோடு கலந்து பரப்பிப் புதைப்பதே முறை.

வாங்குமுன் கேளுங்கள்

நிறமூன்றி எது? காகிதத்தில் பிசினோ பூச்சோ உண்டா? தையல் நூலும் பொத்தானும் எதனால் ஆனவை? பாலியெஸ்டர் நூலில் தைத்த பருத்தித் துணி மட்கிய பிறகும் அந்த நூல் மண்ணில் கிடக்கும்.

சாயமே ஏற்றாத எளிய வெள்ளைத் துணி போதும் என்பது இஸ்லாமியரும் யூதரும் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். மண்ணுக்கு அதைவிடப் பாதுகாப்பான துணி இல்லை. பிரிந்தவருக்குப் பிடித்த நிறத்தில் அனுப்ப வேண்டும் என்ற ஆசையும் நியாயமானதே. படிகாரமும் செடியும் அதற்குப் போதும். விற்பவர் இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால், சாயமில்லாத பருத்தித் துணியையே வாங்குங்கள்.