மாணவர் இயற்றிய பாடலுக்குக் கருத்துரைத்தல்

மாணவர் ஒருவர் தாமே சொல்லெழுதி மெட்டமைத்த பாடலை ஆசிரியரிடம் பாடிக் காட்டுகிறார். “நன்று” என்றால் மகிழ்வார். “இன்னும் முயற்சி தேவை” என்றால் வாடுவார். இரண்டு நிலையிலும் அடுத்துச் செய்யவேண்டியது யாதென அறியார். பாடலின் குறிப்பிட்ட ஓரிடத்தைச் சுட்டி, அங்கே கேட்போர் செவியில் நிகழ்வதை விளக்குவதே பயன்தரும் கருத்துரை.

முதலில் பாடலை இடையே நிறுத்தாமல் முழுமையாகக் கேட்டல் வேண்டும். மறுமுறை கேட்கையில் குறிப்பெடுக்கலாம். அதன்பின், “இப்பாடலில் நீ உணர்த்த விரும்பியது யாது?” என வினவுதல் வேண்டும். காட்டாக, மோகன இராகத்தில் அமைந்த மெட்டில் ஓரிடத்தில் நிஷாதம் ஒலிப்பதாகக் கொள்வோம். மோகனம் ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களால் ஆனது. அதில் நிஷாதத்திற்கு இடமில்லை. இராக இலக்கணத்திற்குள் நிற்க மாணவர் எண்ணியிருந்தால் அது வழுவே. மெல்லிசைப் பாடலில் ஒரு சொல்லின் துயரைக் காட்ட வேண்டுமென்றே சேர்த்திருந்தால், அத்துயர் கேட்போரை எட்டியதா என்பதே பேசவேண்டிய பொருளாகும்.

தமிழ்ப் பாடலில் தனிக்கவனத்திற்குரியது சொல்லும் மெட்டும் இணையும் இடம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. இசையில் எழுத்துகள் தம் அளவு கடந்து நீள்வதையும் அந்நூலே ஏற்கிறது. எனவே, நீட்டல் தன்னளவில் குற்றமாகாது. பொருளைத் திரிக்கும்போதே குற்றமாகிறது. ‘மலை’ என்னும் சொல்லின் முதலெழுத்தை நீட்டினால், அது ‘மாலை’ என ஒலிக்கும். ‘தாமரை’யின் நடுவே மூச்சு விட்டால், ‘தா’ என்றும் ‘மரை’ என்றும் இரு சொற்களாகி, மலர் மறைந்து மான் தோன்றும்.

இதனை, “இரண்டாம் அடியில் ‘மலை’ எனக்கு ‘மாலை’ எனக் கேட்டது, நீட்டலை ஈற்றெழுத்திற்கு மாற்றிப் பாடிப் பார்” எனக் கூறலாம். மாணவர் தம் பாடலைக் கைபேசியில் பதிந்து கேட்டால், குறையைத் தாமே உணர்வார். சிறந்த இடங்களையும் அவ்வாறே சுட்டுதல் வேண்டும். இல்லையேல் திருத்தும்போது அவையும் அழிந்துபோகக்கூடும். ஒரே அமர்வில் இரண்டு மூன்று குறைகளுக்குமேல் கூறாதிருத்தல் நலம்.

பள்ளித் தமிழ் விழாவொன்றிற்காக மாணவி ஒருத்தி இயற்றிய பாடலை, முன்பொருமுறை நான் அடிதோறும் திருத்தினேன். பல்லவியின் மெட்டையும் மாற்றினேன். அரங்கில் கைதட்டல் எழுந்தது. மறுநாள் அவளைப் பாராட்டியபோது, “அது உங்கள் பாட்டு, ஐயா” என்றாள். அதன்பின் அவள் வேறு பாடல் எதனையும் என்னிடம் கொண்டுவரவில்லை.

அன்று முதல், மாற்று மெட்டை நானே பாடிக் காட்டுவதைத் தவிர்த்து வருகிறேன். குறையுள்ள இடத்தைக் காட்டுவது ஆசிரியர் கடன். அதனை எவ்வாறு சீராக்குவது என்னும் முடிவு பாடலை இயற்றியவருக்கே உரியது.