வெல்டிங் சூப்பர்வைசர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்?



‘தொழிற்கல்வியின் நன்மைகள்’ என்று தலைப்புக் கொடுத்தால் நமக்கு வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வேலைவாய்ப்பு பெருகும், நாட்டின் பொருளாதாரம் உயரும் என்ற வரிகள் தவறாமல் வரும். ஆனால், அந்தக் கட்டுரைக்குள் ஒரு தொழில்கூட இருக்காது. என்ன வேலை, எங்கே கற்பது, எப்படிச் சோதிப்பார்கள், அடுத்த படி என்ன என்பதற்கு விடை இருக்காது. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாமும் அவர்களுக்கு விவரம் கொடுத்ததில்லை.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்திருந்தார். படிவம் ஐந்து முடித்ததும் வெல்டிங் படிக்கப் போனவர். “டீச்சர், கை நல்லா பழகிருச்சு. இப்போ சூப்பர்வைசருக்குப் படிக்கச் சொல்றாங்க. ஆனா அதுல எல்லாமே வாசிக்கிறதும் எழுதுறதுமாதான் இருக்கு. அதான் பயமா இருக்கு,” என்றார். அவருக்கு உதவப்போய் நான் தெரிந்துகொண்டதை இங்கே உங்களுக்குச் சொல்கிறேன்.

1. மூன்று பேர், மூன்று பொறுப்பு

தொழிற்சாலைக் கூரை, பாலத்தின் உத்தரம், உயர்ந்த கட்டடத்தின் தூண் போன்றவற்றைத் தாங்கி நிற்பது கட்டுமான எஃகு. அதன் துண்டுகளை உருக்கி ஒன்றாக்குவதுதான் பற்றவைப்பு. நாம் பேச்சில் வெல்டிங் என்கிறோம். இதில் மூவரை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும்.

வெல்டர் இணைப்பைச் செய்கிறார். இன்ஸ்பெக்டர் முடிந்த வேலை விதிப்படி இருக்கிறதா என்று ஆராய்கிறார். சூப்பர்வைசர் இவர்களுக்கு நடுவே, வேலை செய்யும் நிறுவனத்தின் பக்கம் நிற்பவர். வேலை தொடங்கும் முன்பே அவர் வேலை தொடங்கிவிடும். வந்திருக்கும் எஃகும் அதன் சான்றிதழும் ஒன்றா, விளிம்புகள் சரியாகச் சீவப்பட்டுள்ளனவா, இந்த வெல்டருக்கு இந்த வேலைக்குரிய தகுதி இருக்கிறதா, வெல்டிங் ராடு ஈரமில்லாமல் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் ‘ஆரம்பிக்கலாம்’ என்பார். வேலை நடக்கும்போது மின்னோட்டம், வேகம், வெப்பம் ஆகியவற்றைக் கவனிப்பார். முடிந்தபின் அளவெடுத்துப் பதிவு செய்து கையெழுத்துப் போடுவார்.

2. அடித்தளம்: திறன் சான்றிதழ்

நம் நாட்டில் இதற்கான முதல் படி சிஜில் கெமாஹிரான் மலேசியா, சுருக்கமாக எஸ்.கே.எம். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் திறன் மேம்பாட்டுத் துறை இதை வழங்குகிறது. மொத்தம் 5 நிலைகள். 1, 2, 3 சான்றிதழ் நிலைகள், 4 டிப்ளோமா, 5 மேல்நிலை டிப்ளோமா. மூன்றாம் நிலையிலேயே பிறரை வழிநடத்தும் பொறுப்பும் சேர்ந்து வரும்.

இதைப் பெற மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, தொழிற்பயிற்சிக் கழகத்தில் முழுநேரமாகப் படிப்பது. இரண்டு, எஸ்.எல்.டி.என். எனப்படும் இரட்டைப் பயிற்சி முறை. இதில் பெரும்பகுதி நேரம் வேலையிடத்தில், மீதி வகுப்பில். மூன்று, பி.பி.டி. எனப்படும் முன் அனுபவ அங்கீகாரம். பல ஆண்டு வேலை செய்தும் கையில் ஒரு தாளும் இல்லாதவர்கள், தாங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் அப்படி ஓர் அப்பாவோ மாமாவோ இருந்தால் இந்த மூன்றாவது வழியைச் சொல்லுங்கள். இது பலருக்குத் தெரிவதில்லை.

3. வெல்டர் தேர்வு: வளைத்துப் பார்ப்பார்கள்

எஸ்.கே.எம். இருந்தாலும் கட்டுமான இடத்தில் மறுபடியும் ஒரு சோதனை இருக்கும். அந்தத் திட்டம் எந்தத் தரநிலையைப் பின்பற்றுகிறதோ அதன்படி வெல்டர் செய்து காட்ட வேண்டும். அதிகம் புழங்குபவை இரண்டு: அனைத்துலகத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9606-1, அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிநூல்.

டி1.1 விதிநூலில் வெல்டிங் நிலைகளுக்கு எண்கள் உண்டு. தட்டையாக வைத்துப் பற்றவைப்பது 1ஜி, கிடைக்கோட்டில் 2ஜி, செங்குத்தாக 3ஜி, தலைக்கு மேல் 4ஜி. தகட்டு வேலையில் 3ஜி, 4ஜி இரண்டிலும் தேறியவர் எல்லா நிலையிலும் பற்றவைக்கலாம். 25 மி.மீ. தகட்டில் தேறியவருக்குத் தடிமனில் மேல் எல்லை கிடையாது.

செய்து முடித்த தகட்டிலிருந்து பட்டைகளை வெட்டி ‘U’ வடிவத்தில் வளைப்பார்கள். வளைந்த முகத்தில் 3 மி.மீ.க்கு மேல் ஒரு பிளவு திறந்தாலும் தோல்விதான். மேலே எவ்வளவு அழகாகப் பூச்சு விழுந்திருந்தாலும் உள்ளே இருப்பதை வளைவு வெளியே கொண்டுவந்துவிடும்.

இந்தத் தகுதி ஒருமுறை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவதற்கு உரியதன்று. ஐ.எஸ்.ஓ. முறையில் 6 மாதத்துக்கு ஒருமுறை, ‘இவர் இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறார்’ என்று பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். டி1.1 முறையில் அந்த வகை வெல்டிங்கை 6 மாதத்துக்கு மேல் செய்யாமல் இருந்தால் தகுதி போய்விடும். இந்தக் கணக்கை வைத்திருப்பதும் சூப்பர்வைசரின் வேலைதான்.

4. சூப்பர்வைசர் கற்க வேண்டியவை

வெல்டருக்குக் கை முக்கியம். சூப்பர்வைசருக்கு ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை தெரிய வேண்டும். பாடம் பெரியது, மூன்றை மட்டும் பார்ப்போம்.

*வெல்டிங் செய்முறைத் தாள்.* வேலையிடத்தில் இதை டபிள்யூ.பி.எஸ். என்பார்கள். சமையல் குறிப்பு மாதிரி: எந்த எஃகு, எந்த ராடு, எத்தனை ஆம்பியர், எத்தனை வோல்ட், முன்கூட்டி எவ்வளவு சூடாக்குவது என்று எல்லாம் இருக்கும். இது மனம்போன போக்கில் எழுதப்படுவதில்லை. சோதனைத் தகட்டைப் பற்றவைத்து, இழுத்தும் வளைத்தும் பார்த்த முடிவுகள் இதற்குப் பின்னால் இருக்கும், அல்லது விதிநூலே முன்கூட்டி ஏற்றுக்கொண்ட முறையாக இருக்கும். மாணவர் கையில் கொண்டுவந்த தாளும் இதுதான்.

*வெப்ப அளவு.* கணிதம் பிடிக்கும் மாணவர்களுக்கு இது. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, 60ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை மி.மீ. நகர்கிறோமோ அதால் வகுத்தால், ஒரு மி.மீ. நீளத்துக்குச் செலவாகும் வெப்பம் ஜூலில் கிடைக்கும். 25 வோல்ட், 160 ஆம்பியர், நிமிடத்துக்கு 150 மி.மீ. வேகம் என்றால் 1600 ஜூல், அதாவது 1.6 கிலோஜூல். அதே அமைப்பில் வேகத்தை இரட்டிப்பாக்கினால் 0.8 கிலோஜூல். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று வேகமாக ஓட்டினால் எஃகு சட்டென்று குளிர்ந்து கடினமாகி, விரிசலுக்கு இடம் கொடுக்கும். மிக மெதுவாக ஓட்டினால் வெப்பம் மிகுந்து எஃகின் வலு குறையும்.

*ஈரம்.* நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கட்டுமான வேலையில் அதிகம் பயன்படும் ஈ7018 ராடின் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உருகிய எஃகுக்குள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து விரிசலை உண்டாக்கும். சில உயர்வலு எஃகு வகைகளை 48 மணி நேரம் கழித்தே சோதிக்க வேண்டும் என்று டி1.1 சொல்வதும் இதனால்தான். ராடுகளைக் குறைந்தது 120 பாகை செல்சியஸ் சூட்டு அடுப்பில் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்த ராடு வழக்கமாக 4 மணி நேரம்தான் தாங்கும். நனைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ‘நல்ல ராடுதானே, காயவைத்துப் பயன்படுத்தலாம்’ என்று யாராவது சொன்னால், மறுப்பதற்குத் துணிவும் காரணமும் சூப்பர்வைசரிடம் இருக்க வேண்டும்.

5. பெயிண்டுக்குள் இருந்த விரிசல்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கிங் ஸ்ட்ரீட் பாலம் 1961ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1962 ஜூலை 10ஆம் நாள், குளிரான காலை வேளையில், 45 டன் எடையுள்ள லாரி ஒன்று கடந்தபோது அதன் எஃகு உத்தரங்கள் முறிந்து ஒரு பகுதி கீழே இறங்கியது. அடியில் இருந்த சுவர்கள் தாங்கிக்கொண்டதால் முழுதாக விழவில்லை. உயிர்ச்சேதமும் இல்லை.

அரசு விசாரணைக் குழு ஆராய்ந்தது. உத்தரத்தின் அடித்தகட்டில் வலுவுக்காகப் பற்றவைத்த கூடுதல் தகடுகளின் முனையில், குறுக்காகப் போட்ட பற்றவைப்பை ஒட்டி விரிசல்கள் இருந்தன. அந்த எஃகு அத்தகைய பற்றவைப்புக்கு எளிதில் ஒத்துவராதது. உறைய வைக்கும் செய்தி வேறு: விரிசலுக்குள் பெயிண்ட் புகுந்திருந்தது. அப்படியென்றால், பெயிண்ட் அடிக்கும் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. பட்டறையைத் தாண்டி, பாலமாகி, வாகனங்கள் ஓடும்வரை அது யார் கண்ணிலும் பட்டு நிறுத்தப்படவில்லை.

டி1.1 விதிநூலில் வேறு குறைகளுக்கு அளவு உண்டு. பற்றவைப்பின் ஓரத்தில் விழும் பள்ளம், 25 மி.மீ.க்குக் குறைந்த தகட்டில், சாதாரணக் கட்டடத்துக்கு 1 மி.மீ. வரை போகலாம். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும் முதன்மை உறுப்பில், இழுவிசைக்குக் குறுக்காக உள்ள இடத்தில், 0.25 மி.மீ.தான். விரிசலுக்கு மட்டும் அளவே இல்லை. எவ்வளவு சிறியதானாலும் ஏற்கக்கூடாது. சூப்பர்வைசர் கையெழுத்துப் போடுவது, நாளை பெயிண்ட் மூடப்போகும் ஒன்றுக்கு. அதற்குப் பிறகு யாரும் எளிதில் பார்க்க முடியாது.

6. சூப்பர்வைசர் தகுதி எப்படிக் கிடைக்கும்?

இதற்கு ஒரே ஒரு சான்றிதழ் என்று இல்லை. எந்தத் தரநிலையில் வேலை நடக்கிறதோ அது கேட்பதே தகுதி. பொதுவாக மூன்று பாதைகள் உள்ளன.

• ஐ.எஸ்.ஓ. 14731 தரநிலை, வெல்டிங்கை ஒருங்கிணைப்பவரின் பணிகளையும் பொறுப்புகளையும் பட்டியலிடுகிறது. அதற்கேற்ற அறிவைக் காட்ட, அனைத்துலக வெல்டிங் கழகத்தின் படிநிலைத் தகுதிகள் உள்ளன: பிராக்டிஷனர், ஸ்பெஷலிஸ்ட், டெக்னாலஜிஸ்ட், இன்ஜினியர். அனுபவமுள்ள வெல்டர் பிராக்டிஷனரில் தொடங்கலாம்.
• அமெரிக்க வெல்டிங் சங்கம் சூப்பர்வைசருக்கென்றே தனிச் சான்றிதழ் வழங்குகிறது.
• பிரிட்டனில் தோன்றிய சி.எஸ்.டபிள்யூ.ஐ.பி. திட்டத்தின் இன்ஸ்பெக்டர் தேர்வுகளையும் பல சூப்பர்வைசர்கள் எழுதுகிறார்கள். இதற்குக் கண் பரிசோதனையிலும் தேற வேண்டும்.

அமெரிக்கச் சங்கத்தின் இன்ஸ்பெக்டர் தேர்வில் ஒரு பகுதியை விதிநூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். ‘அப்படின்னா ஈசிதானே’ என்று நினைக்காதீர்கள். நேரம் குறைவு, நூல் பெரிது. ‘ஆனால்’, ‘தவிர’, ‘மேற்படாமல்’ என்ற சொற்களைத் தவறவிட்டால் விடை மாறிவிடும்.

7. வகுப்பறைக்கு

கருத்துணர்தல் பகுதியில் நாம் பயிற்சி கொடுப்பது இதைத்தானே? நிபந்தனையைக் கண்டுபிடி, விதிவிலக்கைப் பிரித்தெடு, காரணத்தையும் விளைவையும் இணை என்கிறோம். விதிநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் வாசிக்கும் பழக்கம் ஒன்றுதான். என் மாணவரிடம் செய்முறைத் தாளை முதலில் தமிழில் எனக்கு விளக்கச் சொன்னேன். தடுமாறாமல் சொன்னார். “இதைத்தான் எழுதணும்,” என்றேன். “இவ்வளவுதானா டீச்சர்?” என்றார். இவ்வளவுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொடக்கம் இதுதான். இப்போது வாரம் ஒரு பக்கம் வாசித்துச் சுருக்கம் எழுதி அனுப்புகிறார்.

பயிற்சி வினாக்கள்:

1. வெல்டர், சூப்பர்வைசர், இன்ஸ்பெக்டர் ஆகியோரின் பொறுப்புகள் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. 24 வோல்ட், 150 ஆம்பியர், நிமிடத்துக்கு 180 மி.மீ. வேகம் எனில் ஒரு மி.மீ.க்கான வெப்ப அளவைக் கணக்கிடுக. விடை: 1.2 கிலோஜூல்.
3. விரிசலுக்குள் பெயிண்ட் இருந்தது என்ற செய்தி எதை உணர்த்துகிறது? காரணத்துடன் விளக்குக.
4. ‘ஒரு கையெழுத்தின் பொறுப்பு’ என்ற தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக. குறைந்தது ஒரு தொழிலை விவரத்துடன் சேர்த்து எழுதவும்.

நான்காம் வினாவுக்கு வெல்டிங்கையே எழுத வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் செய்யும் வேலையைக் கேட்டுத் தெரிந்து எழுதுங்கள். திருத்தும் எங்களுக்கும் அன்று ஏதாவது புதிதாகத் தெரியவரும்.