ஆடாத ஆண்டுகளின் கணக்கு

கோட்டைப்பட்டினத்தில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, 2025 ஜூலையில், மகளிர் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியின் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அரையிறுதியில் ஸ்பெயினிடம் ஜெர்மனி தோற்றிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தங்கை மகள் பள்ளி அணியில் பந்தாடுபவள். “ஜெர்மனி எட்டு தடவை சாம்பியனாமே மாமா, நாம ஏன் உலகக் கோப்பைக்கே போகல?” என்றாள். “அவர்கள் உயரம், பணம், வசதி” என்று ஏதோ சொல்லிவைத்தேன். பிறகு இரு நாடுகளின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தபோது, என் பதில் தவறு என்று தெரிந்தது.

மேற்கு ஜெர்மனியின் கால்பந்துச் சங்கம் 1955இல் பெண்கள் ஆட்டத்துக்குத் தடை விதித்தது. தடை நீங்கியது 1970இல். அந்நாட்டு மகளிர் அணி தன் முதல் பன்னாட்டுப் போட்டியை ஆடியது 1982 நவம்பரில்தான்.

அதற்குள் இந்தியப் பெண்கள் ஆசியாவில் பெயர் பெற்றுவிட்டனர். 1975இல் தனியாகத் தொடங்கப்பட்ட இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு, அரைகுறை வசதிகளோடு அணிகளைத் திரட்டியது. 1979-80இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாமிடம். 1981இல் ஹாங்காங்கில் மூன்றாமிடம். 1983இல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாமிடம். அதே ஆண்டில் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். ஜெர்மனி அணிக்கு அப்போது ஒரு வயதுகூட நிறைந்திருக்குமா என்பது ஐயமே.

அடுத்த பக்கத்தில்தான் வேறுபாடு தொடங்குகிறது. 1983க்குப் பின் 1995 வரை ஆசியக் கோப்பையில் இந்திய அணி ஆடவே இல்லை. முழுப் பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு வீராங்கனையின் ஆட்ட வாழ்வு ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த இடைவெளியில் ஜெர்மனி 1989இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. பரிசாக ஒவ்வொருவருக்கும் கிடைத்தது ஒரு காபிக் கோப்பைத் தொகுப்பு. அவமதிப்புதான், ஆயினும் ஆட்டம் நிற்கவில்லை. 1990இல் மகளிர் லீக் தொடங்கியது. 2003, 2007 உலகக் கோப்பைகளும் 2016 ஒலிம்பிக் தங்கமும் அந்த வழியில் வந்தவை. இந்தியாவில் மகளிர் லீக் தொடங்கியது 2017இல். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து.

இடைவெளியின் விலையை 1998 ஆசிய விளையாட்டு காட்டியது. சீனாவிடம் 16 கோல்கள் வாங்கித் தோற்றோம். பன்னாட்டுத் தரவரிசை ஒரு வகையில் சதுரங்கப் புள்ளிக் கணக்கைப் போன்றது: வலியவரை வென்றால் மிகுதியாகவும் எளியவரை வென்றால் குறைவாகவும் புள்ளி சேரும். ஆனால் நீண்ட காலம் ஆடாத அணியின் பெயர் பட்டியலிலிருந்தே நீக்கப்படும். 2009இல் இந்தியாவுக்கு அதுவே நேர்ந்தது. தோற்ற அணிக்குக் கடைசி இடமாவது உண்டு. ஆடாத அணிக்கு அதுவும் இல்லை.

பிறகு தெற்காசியக் கோப்பையை 2010 முதல் 2019 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றோம். அந்த வெற்றிகளில் நமக்குக் கொஞ்சம் மயக்கமும் இருந்தது என்பேன். 2022இலும் 2024இலும் கோப்பையை வங்கதேசம் எடுத்துச் சென்றது.

தமிழகத்தின் பங்கு சிறிதன்று. 2018இலும் 2023இலும் தேசிய சாம்பியன் பட்டம் நமக்கு. மதுரையின் சேது அணி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன், பண்ருட்டி சந்தியா ரங்கநாதன் ஆகியோர் இந்திய அணிக்கு ஆடியவர்கள்.

2025 ஜூலை 5 அன்று, சியாங் மாய் நகரில், தரவரிசையில் மேலிருந்த தாய்லாந்தை இந்தியா 2-1 என வென்றது. இரு கோல்களும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. தகுதிச் சுற்றின் வழியே ஆசியக் கோப்பைக்கு இந்திய மகளிர் சென்றது இதுவே முதன்முறை. நான்கு ஆட்டங்களில் 24 கோல்கள் அடித்து, ஒன்றை மட்டுமே வாங்கியிருந்தனர்.

இதையெல்லாம் தங்கை மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு நான் அவளிடம் ஒன்று கேட்டேன்: “போன வருஷம் நீ எத்தனை மேட்ச் ஆடின?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “மூணு மாமா” என்றாள்.