கிரேக்க வாத்தியாரும் திருச்சி கலெக்டரும்

காவிரிக் கரை அந்நியர்கள் – 17

போன வாரம் பார்த்த பிஷப் ஹீபர் திருச்சிக்கு வந்தவர், திரும்பிப் போகாதவர். 1826 ஏப்ரல் 3 அன்று குளிக்க இறங்கிய தொட்டியிலேயே உயிர் போய், செயிண்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் அடக்கமானார். இந்த வாரத்து மனிதர் இந்த ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் திருச்சியை ஆள எப்படிப்பட்ட கலெக்டர்கள் வர வேண்டும் என்று முடிவு செய்ததில் அவருக்குப் பங்கு உண்டு. பெயர் பெஞ்சமின் ஜோவெட். ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கப் பேராசிரியர். 1870 முதல் பேலியல் கல்லூரித் தலைவர். பிளேட்டோவின் உரையாடல்களை 1871-இல் நான்கு தொகுதிகளாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்.

பைபிளையும் மற்ற நூல்களைப் படிப்பதுபோலவே படிக்க வேண்டும் என்று 1860-இல் எழுதப்போய் வம்பில் மாட்டினார். பேராசிரியர் பதவிக்கு ஆண்டுச் சம்பளம் 40 பவுன். அதை உயர்த்தவிடாமல் 1865 வரை எதிராளிகள் இழுத்தடித்தார்கள். சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்தார்கள். அவரைப் பாடம் நடத்தியவருக்குச் சம்பளத்தில் கைவைத்தார்கள். ஏதோ நாகரிகம் வளர்ந்திருக்கிறது!

நம் கதைக்கு முக்கியம் 1854. இந்தியாவில் கலெக்டர் போன்ற பதவிகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்களின் சிபாரிசில் ஆள் எடுப்பதை விட்டு, பரீட்சை வைத்து எடுப்பதற்கு வழி சொல்ல மெக்காலே தலைமையில் ஒரு குழு அமைந்தது. ஜோவெட் அதில் ஓர் உறுப்பினர். மறு ஆண்டே பரீட்சை நடந்தது. கிரேக்கத்துக்கு 750 மதிப்பெண், லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழுக்கு இடமே இல்லை. ஸ்ரீரங்கத்துத் திண்ணையில் காவியமும் வியாகரணமும் கரைத்துக் குடித்த பையனுக்கு, ஹோமரை உருப்போட்ட லண்டன் பையனின் மதிப்பில் சரிபாதி. அதையும் கடல் தாண்டிப்போய் எழுத வேண்டும். இந்தியாவிலும் பரீட்சை நடந்தது 1922-இல்தான். பிளேட்டோ கனவு கண்ட ஞானிகளின் ஆட்சி காவிரிக் கரைக்கு மார்க் பட்டியலாக வந்து சேர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜோவெட்டைப் பெரிய மனிதராக மதித்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

தேறியவர்கள் அப்புறம்தான் இந்த ஊர் மொழிகளைத் தொட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அவர்களுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக்கொடுக்க, 1880-களின் நடுவில் அமர்த்தப்பட்டவர் ஜி.யு. போப். தமிழ்நாட்டில் பல பத்தாண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பிய பாதிரியார். பேலியலில் ஜோவெட்டுக்கும் அவருக்கும் நல்ல பழக்கம்.

ஓர் இரவு கல்லூரி முற்றத்தில் இருவரும் நடந்துகொண்டிருந்தார்கள். திருவாசகத்தைக் கொண்டுவருவது நீண்ட நாள் பிடிக்கும் வேலை, தன் ஆயுளுக்குள் முடிக்க முடியுமா என்றார் போப். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று தைரியம் சொன்னார் ஜோவெட். சொன்னவர் 1893 அக்டோபர் 1 அன்று காலமானார். போப்பின் திருவாசகம் 1900-இல் அச்சேறியது. முன்னுரையில் இந்தப் பேச்சை நினைவுகூர்ந்த போப், அதன் கீழ் இட்ட தேதி தன் எண்பதாவது பிறந்தநாள், ஏப்ரல் 24. அதன்பிறகும் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இருந்தார்.

(தொடரும்)